முதுகுக்கு ஏற்ற கிட்டார்

என் அண்ணி நஸர்பேகிமுக்குக் கிட்டார் மேல் ஆசை வந்தது ஹோரோக் நகரத்தில் நர்ஸ் படிப்பு படித்தபோது. விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்த ஒருத்தியிடம் ஒரு கிட்டார் இருந்ததாம். அறையைப் பெருக்கித் துடைக்கிறவர்களுக்கு அன்று மாலை அதைத் தொடக் கொடுப்பாளாம். "அந்த வருஷம் முழுக்க நான்தான் பெருக்கினேன்" என்பாள் அண்ணி.

படிப்பு முடிந்து, என் அண்ணன் தவ்லத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் மலையூரான சர்தேவுக்கு வந்தாள். ஊரின் ஒற்றை அறை மருத்துவ நிலையம் அவள் பொறுப்பில் வந்தது. மாடு, விறகு, என் அப்பா அம்மாவின் நோய், இருவரின் சாவு என்று வருஷங்கள் ஓடின. அண்ணன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வீட்டில் அண்ணியும் நானும்தான். நான், சவ்சன், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் ஆற்றோரம் இருக்கும் ஒரு பெரிய கல்லின் மேல் ஏற வேண்டும். அங்கே மட்டும்தான் சிக்னல். ஒரு நாள் அண்ணன் அந்தக் கல்லில் நின்றிருந்த அண்ணியிடம், சம்பளம் வந்திருக்கிறது, என்ன வேண்டும் கேள் என்றான்.

"கிட்டார்" என்றாள் அண்ணி.

"கிட்டாரா? கோட்டு வேணாமா?"

"கோட்டு இருக்கு."

"கிழிஞ்சு போச்சுன்னு சவ்சன் சொன்னாளே."

"தைச்சுட்டேன். நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். அனுப்பினா அனுப்புங்க, இல்லேன்னா விடுங்க."

அனுப்பினான். ஜூன் மாதம், நகரத்திலிருந்து வரும் ஜீப்பின் ஓட்டுநர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக் கத்தினார்: "மாஸ்கோலேர்ந்து உங்களுக்கு ஒரு கன்னுக்குட்டி வந்திருக்கு! ரெண்டு ஆளு டிக்கெட்டு இடத்த அடைச்சுக்கிட்டு வந்துச்சு. இறக்குங்க சீக்கிரம்!"

துணிப் பைக்குள் கறுப்பாக, பளபளவென்று, அகலமான வயிற்றோடு இருந்தது. அண்ணி உட்கார்ந்து மடியில் வைத்தால் அதன் மேல் விளிம்பு அவள் கக்கத்தைத் தூக்கிப் பிடித்தது. வலது கையை அதன் மேல் போட்டுத் தந்தியைத் தொட அவள் எட்டிச் சாய வேண்டியிருந்தது. இரும்புத் தந்தி. மூன்றே நாளில் இடது கை விரல்நுனிகள் கன்றிப் போயின. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பால் கறக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அண்ணன் போனில் பூரித்துப் போனான். "கடையிலேயே பெரிசு அதுதான். சின்னது ஒண்ணக் காட்டினான். இது குழந்தைங்களுக்கு, புதுசா பழகுறவங்களுக்குன்னான். என் பொண்டாட்டி என்ன குழந்தையாடான்னு கேட்டேன்!"

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள் அண்ணி. கண் நிறைந்திருந்தது. அது பொய்யில்லை. அவளுக்கென்று ஒருவர் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியது அதுதான் முதல் தடவை.

சர்தேவுக்கு மேலே, பாறைகளுக்குப் பின்னால், வம்சூத் என்று ஒரு சின்ன ஊர். அதுவும் அண்ணியின் பொறுப்புதான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் என்று மாதம் ஒரு முறை போய் இரண்டு நாள் தங்கி வருவாள். குளிர்காலத்தில் ஆற்றோரமாக ஜீப்பிலேயே போகலாம். கோடையில் பனி உருகி ஆறு பெருகிவிட்டால் அந்தச் சாலை தண்ணீருக்கடியில் போய்விடும். பிறகு மலைச்சுவரில் வெட்டிய பழைய நடைவழிதான். அங்கே ஒவ்வொரு மாலையும் யார் வீட்டிலாவது விருந்தாளியாக உட்கார்ந்து, தேநீரைக் குடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது அண்ணிக்குப் பிடிக்காத வேலை. அதனால் ஜூலை மாதம் போகும்போது கிட்டாரையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

நானும் கூடக் கிளம்பினேன். வம்சூத்தில் எங்கள் அத்தை பரிமோ வீட்டில் ஆப்ரிகாட் பழம் பழுத்துக் கொட்டிக் கிடந்தது. பறிக்க ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இத எப்படித் தூக்கிட்டுப் போவீங்க அண்ணி?"

"முதுகுலதான். வேற எங்க?"

தடுப்பூசிக் குளிர்பெட்டி அவள் மார்பின் குறுக்கே தொங்கியது. இடுப்பில் மருந்துப் பை. முதுகில் கிட்டார். பின்னாலிருந்து பார்த்தபோது தலையும் தெரியவில்லை, இடுப்பும் தெரியவில்லை. ஒரு கறுப்புப் பைக்குக் கால் முளைத்து நடந்து போவது போல இருந்தது. நான் சிரித்தேன்.

முந்தின நாள் மழை. வழியெல்லாம் மண் இளகியிருந்தது. பாதி தூரத்தில் தொப்பைப் பாறை என்ற இடம் வரும். அங்கே மலைச்சுவர் வழிக்கு மேலே தொப்பை மாதிரி பிதுங்கி நிற்கும். நிமிர்ந்து போக முடியாது. நன்றாகக் குனிந்து, கையால் பாறையைப் பிடித்தபடி, பத்துப் பதினைந்து அடி நகர வேண்டும். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமில்லை. கீழே ஆறுதான், சாம்பல் நிறத்தில், கல்லை உருட்டிக்கொண்டு. சுமையோடு வருகிறவர்கள் அங்கே எல்லாவற்றையும் இறக்கி வைத்து, ஒருவர் முன்னால் போக, மற்றவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுப்பதுதான் வழக்கம்.

நாங்களும் இறக்கத்தான் நின்றோம். அண்ணி குளிர்பெட்டியின் வாரில் கை வைத்தாள். அப்போது எங்களுக்குப் பின்னால், நாங்கள் இப்போதுதான் கடந்து வந்த இடத்தில், ஒரு கல் விழுந்தது. முஷ்டியளவு கல்தான். ஆனால் அதைத் தொடர்ந்து மேலேயிருந்து சரசரவென்று மண் வழியும் சத்தம் கேட்டது.

"போ போ போ!" என்றாள் அண்ணி. இறக்கி வைக்க நேரமில்லை. அப்படியே குனிந்து தொப்பைப் பாறைக்கு அடியில் நுழைந்தாள். நான் பின்னாலேயே தவழ்ந்தேன். எங்களுக்குப் பின்னால் தலையளவு கல் ஒன்று வழியில் மோதி, எகிறி, ஆற்றுக்குப் போனது.

பாறைக்கு அடியில் கல் விழாது. அந்த மட்டும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது முன்னால் அண்ணி நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?"

பாறையில் ஏதோ கரகரவென்று உரசியது.

"அண்ணி?"

"மாட்டிக்கிச்சு" என்றாள். குரல் மிகவும் மெல்ல வந்தது. "நகராத. என்னத் தொடாத."

அவள் குனிந்தபோது கிட்டாரின் கழுத்து அவள் தலைக்கு மேலாக முன்னே நீண்டு, பாறையின் ஒரு பிளவுக்குள் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. அதன் அகலமான வயிறு அவள் முதுகுக்கும் பாறைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. தொப்பைப் பாறை சுவர்ப் பக்கம்தான் தாழ்வாக இருக்கும். அதனால் கிட்டாரின் உள்பக்க விளிம்பு பாறையில் அழுந்த அழுந்த, அது அவளை வெளியே, ஆற்றின் பக்கம் தள்ளியது. அவள் முன்னால் நகர்ந்தால் இன்னும் தள்ளும். பின்னால் வர முயன்றால் பிளவில் மாட்டிய கிட்டாரின் கழுத்து விடாது. அவளுடைய வலது காலின் பாதி பாதம் வழியின் விளிம்புக்கு வெளியே இருந்தது. அதை நான் பார்த்தேன். அவளால் பார்க்க முடியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

"பையில கத்தரிக்கோல் இருக்கு. பக்கத்து ஜேப்புல" என்றாள். "எடு."

நான் வயிற்றால் ஊர்ந்து அவள் கால்களுக்குப் பக்கத்தில் போனேன். இடுப்புப் பையின் ஜேப்பைத் திறந்தேன். கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோல். அதை உருவியபோது ஜேப்பிலிருந்த ஏதோ ஒரு மாத்திரை அட்டையும் நழுவி விழுந்தது. அது கீழே போய்ச் சேரும் சத்தம் வரவே இல்லை.

கிட்டார்ப் பைக்கு இரண்டு வார்கள். ஒன்று இடது தோளில், பாறைப் பக்கம். இன்னொன்று வலது தோளில், பள்ளத்தின் பக்கம். இடது வார் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கத்தரிக்கோலை அதன் அடியில் கொடுத்தேன்.

"எதடி வெட்டுற?"

"இது கிட்டக்க இருக்கு."

"அத வெட்டாத!" பல்லுக்கிடையில் வந்தது குரல். "அத வெட்டினா இந்தக் கழுதை மொத்தமும் வலது தோள்ல தொங்கும். என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். வெளிப்பக்கத்த வெட்டு."

வெளிப்பக்கத்து வாரை வெட்ட நான் அவள் முதுகைச் சுற்றி, பள்ளத்துக்கு மேலே கையை நீட்ட வேண்டும். இடது கையால் பாறையில் ஒரு முண்டைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் இரண்டையும் அகட்டி ஊன்றினேன். தலை விளிம்புக்கு வெளியே போனது. கீழே பார்க்காதே என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். பார்த்தேன். தண்ணீர் போவது போலத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் பாறையோடு சேர்ந்து மேற்கே போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. கண்ணை மூடி, விரலால் தடவி வாரைக் கண்டுபிடித்தேன்.

தடித்த நைலான் வார். கத்தரிக்கோல் அதை மென்றது. வெட்டவில்லை.

"அவசரப்படாத. இழை இழையா வெட்டு" என்றாள் அண்ணி. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையிடம் பேசும் குரல் அது. "உங்க அண்ணன் பெரிசா இருந்தாத்தான் கெட்டின்னு நெனச்சு வாங்கினாரு. வாரும் கெட்டியாத்தான் இருக்கும். வெட்டு, வெட்டு."

வார் அறுந்தபோது அவள் உடம்பு ஒரு விரற்கடை உள்ளே வந்தது. அவள் வலது கால் தானாக வழியைத் தேடி உள்ளே பதிந்தது. அப்புறம் அவள் குளிர்பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றி, தரையில் வைத்து, முன்னால் தள்ளினாள். பிறகு அப்படியே குப்புறப் படுத்து, இடது கையை வாரிலிருந்து உருவிக்கொண்டு, பாம்பு மாதிரி ஊர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கிட்டார் மட்டும் பாறையில் செருகியபடி நின்றது. நான் அதன் அடியில் போக வேண்டும்.

"வா. படுத்துக்கிட்டே வா. தலைய தூக்காத."

ஊர்ந்தேன். என் முதுகில் அதன் பை உரசியது. பாதி கடந்திருப்பேன். தலைக்கு மேலே 'கிரீச்' என்று ஒரு சத்தம். "தலைய சுவத்துப் பக்கம் வை!" என்று அண்ணி கத்தினாள். முதுகின் மேல் ஏதோ பாரமாக விழுந்து, புரண்டு, என் இடுப்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. அடுத்த கணம் கீழே எங்கோ அது பாறையில் மோதியது. ஆறு தந்திகளும் பைக்குள் ஒன்றாக 'தொம்' என்றன. நான் கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். இரண்டாவது முறை மோதியபோது வெறும் மரச் சத்தம். பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழி அகலமாகும் இடம் வரை விடவில்லை. அங்கே உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். மூடினாள். பிறகுதான் அழுதாள். ஏதோ வளர்த்த ஆட்டைப் பறிகொடுத்தவள் போல, சத்தமில்லாமல், முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள்.

வம்சூத்தில் அன்று மாலையே எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாள். அத்தை பரிமோ உப்புப் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தபோதுதான் அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சவ்சன், உங்க அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

"ஏன்?"

"அந்த மனுஷன் பதினாலாவது மாடில தொங்கிக்கிட்டு வேல பாக்குறாரு. இத நெனச்சுக்கிட்டே தொங்கணுமா?"

சர்தேவுக்குத் திரும்பியதும் அவளே கல்லின் மேல் ஏறி அண்ணனிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

"கிட்டார் போயிடுச்சுங்க. வழியில கை தவறி ஆத்துல விழுந்துடுச்சு."

"கை தவறியா?"

"ம்."

"அது என்ன தீப்பெட்டியா கை தவறுறதுக்கு?"

அண்ணி கல்லின் மேல் கால் மாற்றி நின்றாள்.

"எங்கிட்ட நேரா சொல்லு. பிடிக்கலையா? பெரிசா இருக்குன்னு சவ்சன்கிட்ட சொல்லிச் சிரிச்சியாமே. டிரைவர் சொன்னான். யாருக்காவது குடுத்துட்டியா?"

"நான் எதுக்குங்க குடுக்கப் போறேன்?"

"எனக்கு என்ன தெரியும். நான் ஆசையா அனுப்பினேன். நீ ஆத்துல போட்டுட்ட."

போனை வைத்துவிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. அண்ணி கூப்பிட்டால் எடுத்து, "வேலைல இருக்கேன்" என்பான். பள்ளத்தாக்கில் பேச்சு வேறு பரவியது. நர்ஸம்மா புருஷன் அனுப்பியதை விற்றுவிட்டாள் என்று ஒருத்தி. தந்தியை அறுத்து முயல் பிடிக்கும் சுருக்கு செய்துவிட்டாள் என்று இன்னொருத்தி. அண்ணி மருத்துவ நிலையத்துக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள். சாயங்காலம் ஆனால் அந்தக் கல்லைப் பார்ப்பாள், ஏற மாட்டாள். எனக்கு அந்த வீட்டுக்குள் இருக்கவே மூச்சு முட்டியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவள் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தபோது நானே கல்லில் ஏறி அண்ணனைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

 

"தொப்பைப் பாறைக்கு அடிலயா?" என்றான்.

"ஆமா."

"அங்க எவளாவது முதுகுல சாமானோட நுழைவாளா? அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? இறக்கி வெக்கிறதுக்கு என்ன?"

"கல்லு விழுந்துச்சு அண்ணா."

"அவ கால் எங்க இருந்துச்சு?"

அந்த வழியில் மாவு மூட்டை தூக்கி நடந்தவன் அவன். "பாதி வெளில" என்றேன்.

அவன் ஏதோ சொன்னான். ரஷ்ய மொழியில், கட்டட வேலைக்காரர்கள் சொல்வது. எங்களைத் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டிக்கொண்டான். "நாளைக்கு அவள கல்லுகிட்ட வரச் சொல்லு" என்றான்.

மறுநாள் அவர்கள் பேசும்போது நான் தள்ளி நின்றேன். அண்ணியின் குரல் மட்டும் ஒரு முறை உயர்ந்து கேட்டது: "நான் அத ஆத்துல போடலங்க. அதுதான் என்ன ஆத்துல போடப் பாத்துச்சு!" பிறகு சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். இறங்கி வந்தபோது, "வேற வாங்கிக்கச் சொல்றாரு. ஆனா நானே பாத்து வாங்கணுமாம். அவரு இனிமே கிட்டார்க் கடைப் பக்கமே போக மாட்டாராம்" என்றாள்.

செப்டம்பரில் தடுப்பூசி வாங்க ஹோரோக்குக்குப் போனோம். சந்தைக்குப் பின்னால் இமத்ஷோ என்பவரின் வாத்தியக் கடை. கல்யாணங்களில் வாசிக்கிறவர். வாய் ஓயாதவர். திரும்பும் ஜீப் பாலத்தடியில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. எந்த நிமிஷமும் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் ஊசி மருந்தோடு நகரத்தில் மாட்டிக்கொள்வோம்.

"அக்கா, இதப் பாருங்க" என்று அவர் நீட்டியது மறுபடியும் ஒரு பெரிய கிட்டார்.

"வேணாம். அந்த வயித்தப் பாத்தாலே எனக்கு மூச்சடைக்குது."

"அப்ப இது." சின்னதாக, தேன் நிறத்தில் ஒன்று. முகப்பு ஒரே பலகையில் செய்தது. தட்டினால் மணி மாதிரி பேசியது. அண்ணி அதை மடியில் வைத்துப் பார்த்தாள். கை தானாகத் தந்திக்குப் போயிற்று. அவள் முகத்தைப் பார்த்து, இதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"வீட்டுல எதுல சூடு பண்ணுறீங்க?" என்று இமத்ஷோ கேட்டார்.

"சாணி, விறகு. இரும்பு அடுப்பு."

"அடுப்புகிட்ட வெக்காதீங்க. வறட்சியில வெடிச்சுடும். ஈரத் துணி ஒண்ணு உள்ள போட்டு வெக்கணும். குழந்தை மாதிரி பாத்துக்கணும்."

"எனக்குப் பள்ளத்தாக்கு முழுக்கக் குழந்தைங்க இருக்கு. இதையும் என்னால பாத்துக்க முடியாது." மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். "கீழ விழுந்தாலும் எழுந்திரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

இமத்ஷோ அலுத்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். மங்கிய பழுப்பு. ஒட்டுப்பலகையில் செய்தது. குறுகலான இடுப்பு, குட்டைக் கழுத்து, நைலான் தந்தி. "இதுக்கு அழகும் இல்ல, பெரிய குரலும் இல்ல. மலை ஏறுறவங்க வாங்குவாங்க. சாகாது."

அண்ணி முதலில் அதன் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று ஊசியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டையிலும் விரலை வைத்து மீட்டினாள். ஓரிடத்தில் ஈ பறப்பது போல ஒரு ரீங்காரம் வந்தது. "இது இருமுது. வேற குடுங்க" என்றாள். அதே மாதிரி இன்னொன்றை எடுத்து வந்தார். அது இருமவில்லை. தந்தியை இறுக்கும் முடுக்காணிகளைத் திருகிப் பார்த்தாள். பிறகு அதைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கல்லா மேசை அவள் கண்ணில் பட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"அக்கா! என்ன தேடுறீங்க? எலியா?"

அவள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தாள். எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, மறுபடி நுழைந்தாள். இந்த முறை இடது தோளை மேசைக் காலில் வேண்டுமென்றே உரசிக்கொண்டு. அவள் எதை அளக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"நாப்பது வருஷமா கிட்டார் விக்கிறேன்" என்றார் இமத்ஷோ. "தட்டிப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. போட்டுக்கிட்டுத் தவழ்ந்து இப்பதான் பாக்குறேன்."

"இதையே குடுங்க" என்றாள் அண்ணி. ஜீப்புக்கு ஓடினோம்.

அடுத்த முறை வம்சூத்துக்கு நடந்தபோது நானும் போனேன். ஆறு இன்னும் இறங்கவில்லை. வானம் தெளிவு. கல் எதுவும் விழவில்லை. தொப்பைப் பாறைக்கு முன்னால் நின்றோம். பிளவுக்குப் பக்கத்தில் பாறையில் கறுப்புச் சாயம் ஒரு கோடு போல ஒட்டியிருந்தது.

"கழட்டிக் குடுங்க அண்ணி. நான் தள்ளி விடுறேன்."

"வேணாம். மத்த மாசம் எல்லாம் நான் தனியாத்தான் வரேன். யாரு தள்ளி விடுவா? முடியுமா முடியாதான்னு நீ இருக்கும்போதே தெரிஞ்சுக்கணும்."

கயிறு கொண்டுவந்திருந்தாள். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினாள். இன்னொரு முனையை நான் பின்னாலிருந்த ஒரு கல் முனையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்தாள். குளிர்பெட்டி மார்பில் ஆடியது. "யா அலி" என்று சொல்லிக்கொண்டு நுழைந்தாள்.

கயிற்றை விட்டுக் கொடுக்கக் கொடுக்க அது என் உள்ளங்கையில் ஊர்ந்தது. பாதி வழியில் உரசும் சத்தம் கேட்டது. கயிறு நின்றது. நான் கயிற்றைக் கல்லில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். கூப்பிடப் பயமாக இருந்தது. அவள் தோளை இறக்கினாள். மெல்ல மூச்சை வெளியே விடுவது எனக்குக் கேட்டது. மறுபடி ஒரு உரசல். கயிறு நகர்ந்தது. பிறகு வேகமாக நகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "வாடி, என்ன வேடிக்கை!" என்று குரல் வந்தபோது கயிற்றைக் கல்லிலிருந்து அவிழ்த்துக்கொண்டு நானும் குனிந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் அண்ணி கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். கை முழுதாகச் சுற்றி வந்தது. முகப்பில் ஒரு கீறல். துடைத்துவிட்டு, விரல்களைச் சேர்த்து அழுத்தும் சுரக்கட்டுகளில் தெரிந்த மூன்றை மாற்றி மாற்றி மீட்டினாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவள் விரல்கள் வழி தேடும்போதெல்லாம் பாட்டு நின்று காத்திருந்தது.

"நர்ஸம்மா ஊசி போடுறப்போ மட்டும் சீக்கிரமா போடுறா" என்றாள் பரிமோ அத்தை. "பாட்ட மட்டும் பிழிஞ்சு பிழிஞ்சு குடுக்குறா."

"வலிக்குதா அத்த?"

"கொஞ்சம்."

அண்ணி சிரித்தபடி விரலை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

அண்ணன் மறுவருஷம் ஏப்ரலில் விடுமுறைக்கு வந்தான். வந்த இரண்டாம் நாளே கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு, கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தொப்பைப் பாறைக்குப் போனான். விடுமுறை முடியும்வரை தினமும் போய் அந்தத் தொப்பையைக் கொத்தினான். பாறை கெட்டி. ஒரு சாண் உயரம்தான் கொத்தி எடுக்க முடிந்தது. இப்போதும் அங்கே குனிந்துதான் போக வேண்டும். அண்ணி மாதா மாதம் போய் வருகிறாள். இப்போது ஐந்து பாட்டு வாசிக்கிறாள். அதில் இரண்டு நன்றாகவே இருக்கும்.